டிராக்டர் டயருக்கு வரி குறைந்தது: மிச்சமாகும் பணத்தை எதில் போடலாம்?

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயர், டியூப் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதே நாளில் டிராக்டருக்கான வரி 12-லிருந்து 5 சதவீதமானதுதான் பெரிய செய்தியாக வந்தது. டயர் அந்தச் செய்தியின் ஓரத்தில் ஒரு வரியாக நின்றுபோனது. ஆனால் ஓர் ஊரில் புது டிராக்டர் எடுப்பவர்கள் வருடத்துக்கு ஒருவரோ இருவரோதான். டயர் மாற்றாமல் எந்த டிராக்டரும் ஓடாது. அதனால் இந்த ஒரு வரி உங்களில் அதிகம் பேருக்குப் பயன்படும்.

கணக்கு எளிது. வரி நீங்கலாகப் பின் டயர் ஒரு ஜோடி ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம். முன்பு பில் ரூ.47,200, இப்போது ரூ.42,000. மிச்சம் ரூ.5,200. வாங்குபவர் கையிலிருந்து போகும் தொகையில் ஏறத்தாழ 11 சதவீதம் குறைவு. 'இது பழைய சரக்கு, பழைய வரிதான்' என்று கடைக்காரர் சொன்னால் ஏற்க வேண்டாம். சரக்கு எப்போது வந்தது என்பது கணக்கில்லை. விற்கும் நாளில் உள்ள வரி விகிதம்தான் பொருந்தும். பில்லில் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் இதைக் கேட்கவும் முடியாது, டயர் வெடித்தால் வாரன்டியும் கிடையாது. டிராக்டரின் பின் சக்கர ரிம்முக்கும் இதே 5 சதவீதம்தான். டிரெய்லருக்கு லாரி டயர் மாட்டுபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு: லாரி, பிக்கப் டயர்கள் 28-லிருந்து 18-க்குத்தான் இறங்கியிருக்கின்றன.

இந்த ஐயாயிரத்தை என்ன செய்வது? ஊர் வழக்கத்தைப் பார்த்தால், 'இன்னும் ஒரு சைஸ் பெரிசாப் போட்டுடலாம்' என்பதில்தான் போகும். அது பெரும்பாலும் வீண் செலவு. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டயர் என்றால் மெக்கானிக் விஷயம், பஞ்சர் கடை விஷயம் என்றே நாம் பழகிவிட்டோம். உழவியல் படித்தவன் கண்ணுக்கு அது மண் விஷயம். இரண்டு டன் எடையுள்ள இயந்திரத்தைத் தாங்கி, மண்ணை அமுக்குவது நான்கு டயர்கள்தான்.

வாங்குபவர் ஒருவர், சுமப்பவர் ஒருவர்

தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த அளவு நிலத்துக்குச் சொந்த டிராக்டர் கட்டுப்படியாகாது. மணி வாடகைக்குத்தான் உழவு ஓடுகிறது. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. டயரைத் தேர்ந்தெடுப்பவர் டிராக்டர் உரிமையாளர். அந்த டயர் சறுக்கினால் கூடுதல் நிமிடங்களுக்குப் பணம் கொடுப்பவர் நிலக்காரர். அந்த டயர் மண்ணை இறுக்கினால் அடுத்த பருவத்தில் வேர் இறங்காமல் மகசூலை இழப்பவரும் நிலக்காரர்.

உரிமையாளருக்கு டயர் அதிக நாள் உழைக்க வேண்டும், அவ்வளவுதான். டிரெய்லர் இழுக்க, செங்கல் ஏற்ற, கரும்பு ஏற்ற என்று சாலையில் ஓடும்போது காற்று நிறைய இருந்தால் டயர் சூடாகாது, பக்கம் வெடிக்காது. அதே காற்றோடு உங்கள் வயலில் இறங்குகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; அவருக்கு அதில் நஷ்டம் தெரியாது. எனவே இந்தக் கட்டுரை டிராக்டர் வைத்திருப்பவருக்கு எவ்வளவோ, வாடகைக்கு எடுப்பவருக்கும் அவ்வளவு.

சாலையா, வயலா?

டயர் கடைக்குப் போகும் முன் ஒரு கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் வண்டி ஓடும் நேரத்தில் எத்தனை பங்கு தார்ச்சாலை, எத்தனை பங்கு வயல்? டிராக்டரிலேயே மணி மீட்டர் இருக்கிறது. ஒரு மாதம் நோட்டில் குறித்து வந்தால் போதும். பாதிக்கு மேல் சாலை என்றால், பட்டன்கள் அகலமாகவும் நெருக்கமாகவும் உள்ள இழுவை வகை டயர் அதிக நாள் வரும். முழுக்க வயல் வேலை என்றால் அதே டயர் ஈர மண்ணில் சேறு அப்பிக்கொண்டு வழுவழுவென்று சுற்றும். பட்டன்களுக்கு இடையே நல்ல இடைவெளி இருந்தால்தான் சேறு தானாக உதிரும். இரண்டுக்கும் பொருந்தும் டயர் என்று விற்பனையாளர் எதைக் காட்டினாலும், அது இரண்டிலும் பாதிதான்.

பக்கச் சுவரைப் படியுங்கள்

13.6-28 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 13.6 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 28 அங்குலம். நடுவில் கோடு இருந்தால் சாதாரண நைலான் டயர். கோட்டுக்குப் பதில் 'ஆர்' எழுத்து இருந்தால் ரேடியல். '12 பி.ஆர்.' என்பது டயரின் தாங்கு சக்தியைக் குறிக்கும் குறியீடு. உள்ளே 12 அடுக்கு இருக்கிறது என்று பொருளல்ல. அந்த எண் கூடக்கூடப் பக்கச் சுவர் விறைப்பாகும். வயல் வேலைக்கு மட்டும் ஓடும் வண்டிக்குத் தேவையில்லாமல் அதிக பி.ஆர். போடுவது, காசு கொடுத்து விறைப்பை வாங்குவதுதான்.

'ஆர்-1' சாதாரண வயல் டயர். 'ஆர்-2' என்பது சேற்று வயலுக்கானது. பட்டன் உயரம் ஆர்-1-ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நெல் வயலைத் தவிர வேறு எங்கும் போகாத வண்டிக்கு அது நல்ல டயர். சாலையில் ஓட்டினால் சீக்கிரம் கரைந்துவிடும். காசு கரைவது கண்ணுக்கே தெரியும். தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 1825 என்றால் 2025-ம் ஆண்டின் 18-வது வாரம். மூன்று, நான்கு வருடம் குடோனில் கிடந்த டயரைத் தள்ளுபடி என்று கொடுத்தால் யோசிக்க வேண்டும். ரப்பர் ஓடாமலும் முதுமையடையும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காற்று

பயிற்சி முகாம்களில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: 'டயர் காற்றழுத்த மானி சொந்தமாக வைத்திருப்பவர்கள் யார்?' நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒன்றிரண்டு கைகள் உயர்ந்தால் பெரிது. ஒரு லிட்டர் களைக்கொல்லியின் விலைகூட வராத கருவி அது. உங்கள் ஐயாயிரத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

காரணம் இதுதான். டயருக்குள் எவ்வளவு அழுத்தமோ, ஏறத்தாழ அதே அழுத்தம்தான் மண்ணின் மேலும் விழும். டயர்ச் சுவரின் விறைப்பால் அது இன்னும் கொஞ்சம் கூடும். 14 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பெரும்பாலான நைலான் பின் டயர்களுக்கு வயல் வேலையில் 12 முதல் 16 பி.எஸ்.ஐ. போதும், உங்கள் டிராக்டர் கையேட்டில் சரியான எண் இருக்கிறது. ஆனால் கையால் தட்டிப் பார்த்து 'கல்லு மாதிரி இருக்கணும்' என்று அடிக்கும் காற்று 25, 30 பி.எஸ்.ஐ. வரை போவதை மானி வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். அப்போது மண் மீதான அழுத்தம் இரண்டு மடங்கு. டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். நடுவிலுள்ள பட்டன் முதலில் தேயும், பிடிப்பு குறையும், சறுக்கல் கூடும். டீசல், டயர், மண் மூன்றும் சேர்ந்து போகும்.

அதற்காக அளவுக்கு மீறி இறக்கிவிடவும் கூடாது. நைலான் டயரை 12-க்கும் கீழே இறக்கினால் இழுவையின்போது டயர் மட்டும் ரிம்மின் மேல் நகரும். டியூபின் வால்வு அறுந்து வரும். பக்கச் சுவர் மடிந்து மடிந்து நூல் விடும். சாலையில் சுமை இழுக்கும்போது கையேடு சொல்லும் அளவுக்கு ஏற்ற வேண்டும். முன் டயர்களின் கதை வேறு. இரு சக்கர இயக்க டிராக்டரில் அவற்றுக்குப் பொதுவாக 24 முதல் 32 வரை தேவை. பின் டயருக்குக் குறைக்கச் சொன்னதை முன் டயரில் செய்து பார்க்க வேண்டாம். அளப்பது எப்போதும் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது.

இறுக்கம் எவ்வளவு ஆழம் போகும் என்பது இன்னொரு கணக்கு. மேல்மண் இறுக்கத்தைத் தீர்மானிப்பது காற்றழுத்தம். அடிமண் இறுக்கத்தைத் தீர்மானிப்பது அச்சில் விழும் மொத்த எடை. மாட்டின் குளம்பு மண்ணில் தரும் அழுத்தம் டிராக்டர் டயருக்குக் குறைந்ததல்ல. ஆனால் மாட்டின் எடை குறைவு. அதன் அமுக்கம் மேலோடு நின்றுவிடும். ஏர் உழவு நடந்த காலத்தில் அடிமண் கெடாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 45 எச்.பி. டிராக்டர் ஏறத்தாழ இரண்டு டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில். அதன் மேல் 400, 500 கிலோ ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது அந்தச் சுமையும் பின் டயர்களுக்குத்தான். ஒரே தடத்தில் முதல் முறை போகும்போதே இறுக்கத்தின் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. எனவே வயல் முழுக்கச் சுற்றுவதைவிட, போன தடத்திலேயே மறுபடி போவது நல்லது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து விவசாயிகள் இந்த நிலைத்தட முறையைப் பெரிய அளவில் கடைப்பிடிக்கிறார்கள். நம்முடைய சிறு வயலில் அவ்வளவு முடியாது. ஆனால் எரு ஏற்றிய டிரெய்லர் ஒரே வழியாக வந்து ஒரே வழியாகப் போவதை யாரும் தடுக்கவில்லை.

ரேடியல் டயர் இந்த இடத்தில்தான் பேச்சுக்கு வருகிறது. அதன் பக்கச் சுவர் இளகியது, அதே சுமையில் தரையைத் தொடும் பரப்பு நீளமாக இருக்கும், சறுக்கல் குறையும். இந்தியத் தொழிற்சாலைகளில் தயாராகி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகிற விவசாய டயர்களில் ரேடியல் ஏராளம்; நம் வயல்களில்தான் அதைக் காண்பது அரிது. விலை கூடுதல் என்பது உண்மை. வருடம் முழுக்க வயல் வேலைக்கு ஓடும் வாடகை டிராக்டருக்கு அது கட்டும். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் உழும் வண்டிக்குக் கட்டாது. வாங்கினால் ஒன்றை மறக்கக் கூடாது. சரியான காற்றிலும் ரேடியல் டயரின் பக்கம் புடைத்தபடிதான் இருக்கும். அதைப் பார்த்து 'காத்து கம்மி' என்று பஞ்சர் கடையில் இன்னும் பத்து பவுண்டு அடித்துவிட்டால், கூடுதலாகக் கொடுத்த விலை அங்கேயே முடிந்தது.

ஒரு சைஸ் பெரிது

இனி அந்த ஆசைக்கு வருவோம். 13.6-லிருந்து 14.9-க்குப் போகலாமா? ரிம் அனுமதித்தால் போகலாம். ரிம்மில் டபிள்யூ 12, டபிள்யூ 13 என்று அகலம் பொறித்திருக்கும். குறுகிய ரிம்மில் அகல டயரை அமுக்கி மாட்டினால் டயர் உருண்டை வடிவம் பெறும். நடுப்பகுதி மட்டும் தரையில் படும். அகலத்துக்காகக் கொடுத்த காசுக்கு அகலம் கிடைக்காது. ரிம்மையும் மாற்றினால்தான் பலன். அப்போது செலவு ஐயாயிரத்தில் அடங்காது. மட்கார்டு இடைவெளி, வரிசைப் பயிரில் இடை உழவுக்குக் கிடைக்கும் இடம் இவற்றையும் பார்க்க வேண்டும். பருத்தியிலும் கரும்பிலும் அகல டயர் ஒரு வரிசையை மிதித்துவிட்டுத்தான் போகும்.

நான்கு சக்கர இயக்க டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று வேகமாக, பொதுவாக 1 முதல் 5 சதவீதம் வரை கூடுதலாக உருளும்படிதான் கியர் அமைத்திருக்கிறார்கள். பின் டயரை மட்டும் பெரிதாக்கினால் இந்தக் கணக்கு உடையும். முன் சக்கரம் இழுப்பதற்குப் பதில் தடுக்கும். டயர் வேகமாகத் தேய்வதோடு முன் அச்சின் பல்சக்கரங்களும் போகும். மாற்றினால் நான்கையும் கணக்குப் பார்த்து மாற்றுங்கள். ஒரே அச்சில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று போடுவதும் தவறு. தார்ச்சாலை ஏறியதும் முன் சக்கர இயக்கத்தை விடுவித்துவிட வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

டயரின் அகலத்தைக் கூட்டாமலே செய்யக்கூடிய மாற்றங்கள் இரண்டு உண்டு. ஒன்று, சக்கரத் தட அகலத்தை மாற்றுவது. பல டிராக்டர்களில் ரிம்மையும் நடு டிஸ்க்கையும் திருப்பிப் போட்டு இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியும். செலவு, நட்டு கழற்றி மாட்டும் கூலி மட்டுமே. டிஸ்க்கைத் திருப்பும்போது பட்டனின் திசை மாறிவிடும் என்பதால் இடது சக்கரத்தை வலப்புறமும் வலது சக்கரத்தை இடப்புறமும் மாற்ற வேண்டியிருக்கும். டயரில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். தலைகீழாக மாட்டிய டயர் சேற்றை உதிர்க்காது, அப்பிக்கொள்ளும்.

இன்னொன்று எடை சேர்ப்பது. டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது நம் ஊரில் பழக்கம். 13.6-28 டயரில் ஒரு பக்கத்துக்கு 150 கிலோவுக்கு மேல் ஏறும். குளிர் நாடுகளில் உறையாமல் இருக்க கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, பச்சைத் தண்ணீர் போதும். ஆனால் அந்த எடை சேற்று வயலிலும் கூடவே வரும், சாலையிலும் கூடவே வரும். காய்ந்த நிலத்தில் இறுக்கிப் பிடிக்க வேண்டியபோது மாட்டி, நெல் வயலுக்குப் போகும்போது கழற்றி வைக்கும் இரும்பு வெயிட் மேல். தண்ணீர் நிரப்பியிருந்தால் வால்வு துளையைச் சுற்றி ரிம் துருப்பிடித்திருக்கிறதா என்று டயர் கழற்றும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். உரமும் எருவும் பட்ட ரிம் வெளியே நன்றாகவும் உள்ளே அரித்தும் இருக்கும்.

சேற்று வயல்

டெல்டாவில் தொளி கலக்குவதற்கு டயர் மட்டும் போதாது. கேஜ் வீல் வேண்டும். டயரோடு சேர்த்து மாட்டும் அரை கேஜ் வீல், வண்டி இறங்காமல் எடையைப் பரப்பும்; முழு டயர் செட் மாற்றுவதைவிட இதற்குச் செலவு குறைவு. குறை ஒன்றுதான்: அதோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை கிழியும், வழக்கும் வரும். வயல் ஓரத்தில் கழற்றி மாட்டுங்கள்.

நெல் வயலில் 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் உண்டாகும் கடின அடுக்கை ஒரேயடியாகக் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். மணல் கலந்த நிலத்தில் அதுதான் தண்ணீரை நிறுத்துகிறது. நெல்லுக்குப் பின் நெல் மட்டுமே போடுபவர்களுக்கு அது லாபமே. நெல் தரிசில் உளுந்து, பயறு, பருத்தி போடுபவர்களுக்குத்தான் கேடு. உளுந்தின் ஆணிவேர் அந்த அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் மடங்கும்; பனி ஈரத்தை நம்பி நிற்கும் பயிர், கீழே ஈரம் இருந்தும் வாடும். செடியைப் பிடுங்கிப் பாருங்கள்; வேர் எல் வடிவில் வளைந்திருந்தால் வேறு சோதனை வேண்டாம். அல்லது மழைக்கு மறுநாள் ஒரு விரல் தடிமன் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். சீராக இறங்கி, ஓர் ஆழத்தில் சட்டென்று முட்டினால் அதுதான் தட்டு.

அப்படி ஒரு தட்டு இருந்தால் உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில், குறுக்கும் நெடுக்குமாக, மூன்று வருடத்துக்கு ஒரு முறை உழுவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மண் காய்ந்திருக்கும் கோடையில் செய்ய வேண்டும்; ஈரத்தில் இழுத்தால் தட்டு உடையாது, கத்தி போட்டதுபோல் கோடு மட்டும் விழும். இந்த உழவு ஆழமானது, டீசல் அதிகம் குடிப்பது. உளிக்கலப்பை ஓட்டிவிட்டு அடுத்த மழையில் 30 பி.எஸ்.ஐ. டயரோடு அதே வயலில் இறங்கினால், கொடுத்த பணத்துக்கு ஒரு பருவம்கூட ஆயுள் இல்லை.

லாரி வயலுக்குள் வேண்டாம்

டிராக்டர் டயரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு லாரியை விட முடியாது. லாரி டயரில் 100 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் காற்று இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ. கரும்பு வெட்டு நடக்கும் ஈர வயலில் லாரி இறங்கிய தடத்தில் மறுதாம்பு எப்படி முளைக்கிறது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மரவள்ளி, வாழை ஏற்றும் வண்டிகளும் அப்படியே. வரப்போரம் ஓர் இடத்தைக் கெட்டிப்படுத்தி ஏற்றுமிடமாக வைத்துக்கொண்டு, வயலுக்குள்ளிருந்து அங்கே வரை டிராக்டர் டிரெய்லரில் கொண்டுவருவது சுமைக்கூலியைக் கொஞ்சம் கூட்டும்; நஷ்டக் கணக்கில் அது சின்னத் தொகை.

தோட்டத்துக்குள் போக வேண்டிய பிக்கப் வைத்திருப்பவர்கள் பெரிய டயர், அலாய் வீல் பக்கம் போகாதீர்கள். நெளிந்த இரும்பு ரிம்மை உள்ளூர்ப் பட்டறையில் தட்டி எடுக்கலாம். விரிந்த அலாயைத் தூக்கித்தான் போட வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே, பின்புறம் மட்டும் ஆழமான பட்டன் உள்ள டயர் போதும். அளவை மாற்றினால் வேகமானி பொய் சொல்லும், வண்டி ஏற்றத்தில் திணறும், விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் அதைத்தான் கேட்கும்.

சறுக்கலை அளக்கலாம்

புது டயர் தேவையா, இருப்பதே போதுமா என்று சொல்ல ஒரு சோதனை உண்டு. பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் வயலில் ஓட்டி, டயர் பத்துச் சுற்று சுற்றும் தூரத்துக்கு இரண்டு முனையிலும் குச்சி நடுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடி அதே போன்ற மண்ணில் அதே தூரத்தைக் கடக்க எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள். பதினொன்றரைச் சுற்று என்றால் சறுக்கல் 13 சதவீதம். 8 முதல் 15 வரை சரி. பதின்மூன்றேகால் சுற்றைத் தாண்டினால் 25 சதவீதம் வீணாகிறது.

12 சதவீதச் சறுக்கலில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை, 25 சதவீதத்தில் 70 நிமிடம் பிடிக்கும். வாடகை மணிக்கு ரூ.1,200 என்றால் அந்தப் பத்து நிமிடம் ரூ.200. இதைக் கொடுப்பவர் டயர் வாங்காதவர். அதனால்தான் சொல்கிறேன், வாடகைக்கு எடுப்பவர்கள் டிராக்டர் வயலில் இறங்கும் முன் மூன்று விஷயங்கள் கேட்கலாம்: பின் டயரில் எவ்வளவு காற்று, டயரில் தண்ணீர் இருக்கிறதா, பட்டன் எவ்வளவு மிச்சம். மானியை நீங்களே வைத்திருந்தால் அளந்துவிட்டுப் பேசலாம். கூடுதல் காற்றை வயல் ஓரத்தில் இறக்க இரண்டு நிமிடம். 'சாலைக்கு மறுபடி ஏத்தணுமே' என்று ஓட்டுநர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே நாளில் சேர்ந்து எடுத்தால் ஒரு முறை இறக்கி ஒரு முறை ஏற்றினால் போதும்.

வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை வழியாகவும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் வாடகை மையங்களிலும் இயந்திரங்கள் கிடைக்கின்றன. அந்த மையங்கள்தான் இதை முதலில் நடைமுறைப்படுத்தத் தகுந்த இடம். வண்டி வெளியே போகும்போது டீசல் அளவைக் குறிக்கும் பதிவேட்டில் டயர்க் காற்று என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். ஒரு மின் காற்றடிப்பான் வாங்க வரிக் குறைப்பில் மிச்சமாகும் தொகையே ஆகும். விரிவாக்க அலுவலர்கள் மண் மாதிரி எடுக்கும் நாளில் கம்பிச் சோதனையையும் செய்து காட்டினால் விவசாயிகள் நம்புவார்கள்.

எப்போது மாற்றுவது?

தேய்ந்த டயர் எல்லா இடத்திலும் மோசமில்லை. காய்ந்து கெட்டியான தரையில் பட்டன் தேய்ந்த டயரும் நன்றாகவே இழுக்கும். புதுப் பட்டன்தான் அங்கே வேகமாகத் தேயும். ஈர மண்ணிலும் சேற்றிலும்தான் பட்டன் உயரம் வேலை செய்கிறது. எனவே பங்குனி, சித்திரைக் கோடை உழவைப் பழைய டயரிலேயே முடித்துவிட்டு, மழைக்குச் சற்று முன் புதிதை மாட்டினால் அதே டயரில் ஒரு பருவம் கூடுதலாகக் கிடைக்கும். பக்கச் சுவரில் நூல் தெரிகிற, வெடிப்பு ஆழமாக இருக்கிற டயருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதைச் சாலையில் ஓட்டுவது உயிர் விஷயம்.

டயர் மாட்டும் நாளில் பழைய டியூபையே மடித்துத் திணிக்க விடாதீர்கள். நீண்டுபோன டியூப் மடிப்பு விழுந்து அந்த இடத்திலேயே கிழியும். முதல் நாள் வேலை முடிந்ததும் சக்கர நட்டுகளை ஒரு முறை, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள். புது ரிம்மோ டிஸ்க்கோ உட்காரும்போது நட்டு தளரும்.

(கட்டுரையாளர்: உழவியலில் முனைவர் பட்டம் பெற்ற வேளாண் விஞ்ஞானி)